கம்பைல் ஆகிவிட்டால் சரிதானே?

பனியன் கம்பெனியில் ப்ரோகிராம் எழுதப் போகிறவளுக்கு எழுதுவது கால் பங்கு வேலை; அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது முக்கால் பங்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் கம்ப்யூட்டரில் பில் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். சி ப்ளஸ் ப்ளஸ் தெரிந்தவள் எங்கள் கம்பெனியில் நான் ஒருத்திதான். பொங்கலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எந்த அட்டைப் பெட்டியில் எந்த சைஸ் என்று பதிந்து, பெட்டிமேல் ஒட்டுகிற ஸ்டிக்கரை அச்சடித்துத் தரும் ப்ரோகிராம் என் கைவேலை.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்களே, இந்தக் கேள்விகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு முதல் இரண்டுக்குத்தான் சிரிப்பு வருகிறது.

முதலிலேயே எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒருநாள் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். இந்த மொழியில் எதற்குள் எதை வைக்கப் போகிறோம் என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும் என்றேன். எண் என்று சொல்லிவிட்டால் அங்கே எண்தான். எழுத்தைக் கொண்டுபோய் வைத்தால் ஏற்றுக்கொள்ளாது. துணியை வெட்டுவதற்கு முன்னால் அளவை முடிவு செய்கிறோமே, அந்த மாதிரி என்று உதாரணம் வேறு சொன்னேன்.

அவருக்கு உதாரணம் பிடிக்கவில்லை. தையலில் இருக்கும் ஆட்களைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். "அங்க பாரு அம்மிணி, வேலைக்கு வந்த புள்ளைங்களே ரெண்டு நாளு செக்கிங், ரெண்டு நாளு பேக்கிங்னு மாத்தி மாத்திப் போனாப் போறாங்க. உன்ற கம்ப்யூட்டர் பொட்டிக்கு மட்டும் என்ன அத்தனை ரோசம்?"

கம்பைல் என்றால் என்ன?

எனக்குக் கொடுத்திருந்தது வேறு யாரோ ஒதுக்கித் தள்ளிய பழைய கம்ப்யூட்டர். நான் எழுதியதை அது தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள ஒரு டீ குடிக்கிற நேரம் எடுக்கும். அதில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் மறுபடி முதலிலிருந்து மாற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் இன்னொரு டீ.

மேனேஜர் மூன்று நாள் இதைக் கவனித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதும், கேட்டால் கம்பைல் ஆகிறது என்று சொல்வதும் அவருக்கு ஒத்துவரவில்லை. நாலாவது நாள் எல்லோர் முன்னாலும், மரியாதை குறையாமல் கேட்டார். "ஏனுங்க மேடம், சும்மா உக்காந்திருக்கறதுக்கு இங்கிலீஷ்ல கம்பைல்னு பேருங்களா?"

தப்பு வந்தால் யாரைக் கேட்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பேக்கிங் இன்சார்ஜ் சேவியரண்ணன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திருப்பூர் மண்ணரையில் கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டில் மனைவி, மகளோடு இருந்தார். என் ப்ரோகிராம் வருவதற்கு முன்னால் பெட்டிமேல் மார்க்கர் பேனாவால் சைஸ் எழுதியவர் அவர்தான். ப்ரோகிராம் வந்ததும், ஸ்டிக்கரில் பேனா படக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார்.

"தப்பா வராதுங்கண்ணா. தப்பு இருந்தா கம்பைல் ஆகறப்பவே பிடிச்சுக் குடுத்துரும்" என்று அவரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த எண் சரியான எண்தானா என்று அதற்குத் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் என் கெத்து என்ன ஆவது?

அவர் நம்பினார். பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு சொன்னார். "நல்லது மேடம். மார்ச்சுல பிள்ளைக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை. அது முடியுற மட்டும் இந்த வேலையும் வீடும் இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்."

எம் என்று ஏன் அடிக்க முடியவில்லை?

உள்ளூர் பனியன் சைஸ் எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து என்றுதான் இருக்கும். அதனால் சைஸ் என்றால் எண் என்று நான் அறிவித்திருந்தேன். கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது: எஸ், எம், எல், எக்ஸெல். சேவியரண்ணன் எம் என்று அடித்தால் ப்ரோகிராம் பீப் என்று கத்திவிட்டு அப்படியே நின்றது.

ஒழுங்காகச் செய்வதென்றால் சைஸ் வருகிற ஒவ்வொரு இடத்திலும் எண்ணை எழுத்தாக மாற்ற வேண்டும். மூன்று நாள் அவகாசம் கேட்டேன். காலையில் லாரி வந்து நிற்கும் என்றார் முதலாளி. நான் குறுக்கு வழியில் போனேன். ஒன்று என்று அடித்தால் எஸ், இரண்டு என்றால் எம், மூன்று எல், நாலு எக்ஸெல் என்று ஸ்டிக்கரில் விழும்படி நாலு வரி சேர்த்தேன். எந்த பனியனுக்கு ஒன்று, இரண்டு என்று சைஸ் இருக்கப்போகிறது? கம்பைல் ஆனபோது ஒரு முணுமுணுப்புகூட இல்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இதுக்கா மூணு நாளு கேட்ட அம்மிணி? அரை மணி நேரத்துல முடிச்சுப்போட்டயே!"

இரண்டு வயதுக்கு எம்மா?

சில மாதங்கள் கழித்து, ஜனவரியில், குழந்தைகள் சட்டைக்கு ஆர்டர் வந்தது. சைஸ் எல்லாம் வயதுக் கணக்கு: இரண்டு, நாலு, ஆறு, எட்டு. உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அந்த நாலு வரியை எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. ஒன்றுக்கு எஸ், இரண்டுக்கு எம் என்று பேக்கிங்கில் ஒட்டிவைத்த தாளும் எப்போதோ கிழிந்து போயிருந்தது. ஆறும் எட்டும் சரியாக அச்சாயின. இரண்டு வயதுக்கு எம் என்றும் நாலு வயதுக்கு எக்ஸெல் என்றும் விழுந்தது.

சேவியரண்ணன் இன்டர்காமில் கூப்பிட்டு, "ரெண்டு வயசுப் பிள்ளை சட்டைக்கு எம்முன்னு வருது மேடம், பேனாவால திருத்திரட்டுமா?" என்று கேட்டார். நான் முதலாளி கேட்ட வேறு ஏதோ ரிப்போர்ட்டில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பேக்கிங் பத்தடி தூரத்தில்தான் இருந்தது, எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரன் அளவு அப்படித்தான் இருக்கும், ஸ்டிக்கரில் பேனா படக்கூடாது, ஒட்டுங்கள் என்று எரிந்து விழுந்தேன். பிறகு அவர் சொன்னார். "நீங்க படிச்சவங்க மேடம், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஒட்டச் சொல்லுதேன்."

வேறு யாராவது திறக்க முடியுமா?

எக்ஸெல் என்று எழுதிய பெட்டியைத் திறந்து நாலு வயதுச் சட்டையைப் பார்த்த வெளிநாட்டுக் கடைக்காரர் எழுதிய கடிதம் பிப்ரவரியில் வந்தது. ஒட்டியது யார் என்று முதலாளி விசாரித்து, சேவியரண்ணனை வேலையைவிட்டு நிற்கச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன்; மதியம் அவர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்று அந்த நாலு வரியைத் தாளில் எழுதியே காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இந்த ப்ரோகிராமை வேறு யாராவது திறந்து திருத்த முடியுமா என்றார். முடியாது, ஓடுவது மெஷினுக்கு மட்டும் புரிகிற வடிவம், நான் எழுதிய மூல வடிவம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதைக் கொடுத்தாலும் இன்னொருவருக்குப் புரிய மாதக்கணக்காகும் என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "அப்ப நீ இருக்கோணும் அம்மிணி. ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு நாளைக்கே ஆளு கெடைக்கும்."

நானும் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பஸ் ஏறி வேலைக்கு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சாவி

அந்த வாரக் கடைசியில் சேவியரண்ணன் லைன் வீட்டுச் சாவியை ஒப்படைக்க ஆபீசுக்கு வந்தார். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மகளை மட்டும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். நான் எழுந்து நின்று, தப்பு என்னுது, முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவர்தான் கேட்கவில்லை என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் சாவியை மேஜைமேல் வைத்தார். குரலில் கோபமே இல்லை. "நீங்க சொன்னது தெரியும் மேடம். பரீட்சை முடியுற மட்டும் வீட்டை மட்டுமாவது விட்டு வைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

மூன்று வருடம் கழித்து நான் வேலையை விட்டபோது, இவர் பணியில் ஒரு குறையும் இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பிழை என்று காட்டுகிற கம்பைலர் எந்த ஊரிலும் கிடையாது.