பின்சீட்டைத் துடைத்த நாள்

எங்கள் லாரியின் உள்பக்கத்தை ஒழுங்காகத் துடைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான் என்று பத்து வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்று அப்பா, மற்றது நான். அம்மாவுக்கு அந்த வேலை தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்பா ஓட்டியது ஆறு சக்கர லாரி. திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் கருவேல மரத்தை வெட்டி, மண்ணால் மூடி மூட்டம் போட்டு எரித்து எடுக்கிற கரியை விருதுநகருக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய் இறக்குவார். கரி ஏற்றுகிற வண்டிக்குள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டாலும் தூசி எந்த வழியாகவோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டு முன்னால் நின்றால், காலையிலேயே அப்பா வாளியோடு ஏறிவிடுவார். அவருக்குப் பின்னாலேயே நானும் ஏறுவேன்.

முதலில் காய்ந்த துணி, பிறகுதான் ஈரத்துணி. இது அவருடைய சட்டம். முதலிலேயே ஈரத்தை வைத்தால் கரித்தூசி குழம்பாகி, பிளாஸ்டிக்கில் இருக்கிற பொடிப் பள்ளங்களில் போய் அடைந்துகொள்ளும். இடுக்குகளில் பெயிண்ட் அடிக்கிற பழைய பிரஷ்ஷை விட்டுத் தட்ட வேண்டும். கை சின்னது என்பதால் அது என் வேலை. அரை வாளித் தண்ணீருக்குத் தலைக்குப் போடுகிற ஷாம்பு ஒரு பாக்கெட். துணியை நன்றாகப் பிழிந்த பிறகே சீட்டில் வைக்கலாம். சோப்புத்தூள் ஆகாது, ரெக்சின் வெளிறிப்போகும். தேங்காயெண்ணெய் ஆகவே ஆகாது. அன்றைக்கு மினுங்கும், மறுநாள் ஊர்த் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். எல்லாம் காய்ந்த பிறகு டேஷ்போர்டுக்கும் கதவுக்கும் பாலிஷ் போட வேண்டும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் மட்டும் அது படக் கூடாது, வழுக்கிவிடும்.

டிரைவர் சீட்டு அசல் தோல். திண்டுக்கல்லில் வாங்கித் தைத்தது. அதற்குப் பின்னால் ஆள் படுத்துக்கொள்கிற நீளச் சீட்டு ரெக்சின். தோலுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் க்ரீம் வைத்திருந்தார். அதை விரலில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே என்னிடம், "தோலுக்கும் தாகம் எடுக்கும் ஆத்தா. குடுக்கலைன்னா நம்ம ஊரு வெயிலுக்கு வெடிச்சுரும்" என்பார். வண்டி நிற்கும்போது டேஷ்போர்டின் மேல் தன் பழைய வேட்டியை விரித்து மூடிவிட்டுத்தான் இறங்குவார். தனக்குக்கூட அவர் அப்படிப் போர்த்திவிட்டதில்லை என்று அம்மா சொல்லுவாள்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடை விடுமுறையில் நடந்தது. அப்பா விருதுநகரில் லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். பாலவனத்தம் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. கொஞ்சம் தள்ளி அதை ஓட்டி வந்த இளைஞன் கிடந்தான். ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் நடு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டியிருக்கிறார். இரண்டு கார்கள் ஒதுங்கிப் போயின. அப்பா நிறுத்தினார். இருவருமாக அவனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஆட்டை விட்டுவிட்டு அவரால் வர முடியவில்லை. அப்பா தனியாகவே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

போலீஸ் வந்து வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஆடு மேய்த்தவரையும் விசாரித்தார்கள். அப்பா சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் விட்டுவிட்டார்கள்.

அப்பா வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். வீட்டுப் பின்பக்கம் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். "வண்டிக்குள்ள யாரும் ஏறாதீக" என்று மட்டும் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வழி நெடுக கூப்பிட்டுக்கிட்டேதான் வந்தேன். தம்பி, தம்பின்னு. திரும்பிப் பாக்க முடியல. ஒரு சத்தம் இல்ல. ஒரு வார்த்தை பேசல."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அப்பா வாளியை எடுத்துக்கொண்டு போனார். படியில் ஏறிக் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு இறங்கி, வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்மாய்க் கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். அவர் துடைக்காமல் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"நீ வராத. உள்ள போ."

"உனக்குத் தெரியாதும்மா. நீ சோப்புத்தூள் போட்டுருவ. சீட்டு கெட்டுப்போகும். அப்பா வைவாரு."

அவள் ஒரு காய்ந்த துணியை என் கையில் கொடுத்தாள். "முன்னால மட்டும் துடை. பின்னால திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாள்.

நான் முன்னால் துடைத்தேன். காய்ந்த துணி, பிரஷ், ஈரத்துணி. அம்மா பின்னால் துடைக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவை பிழியும்போதும் அவள் வாளியை என் கண்ணுக்குப் படாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெந்நீர் போட்டால் சீக்கிரம் போகாதா என்று நான் கேட்டேன். "வெந்நீர் பட்டா ரத்தம் அப்படியே பிடிச்சுக்கிரும். பச்சத்தண்ணிதான்" என்றாள். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவுக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அதைப் பெண்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிய எனக்கு இன்னும் மூன்று வருடம் ஆனது.

பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், பக்கத்துத் தெரு. கீழே நின்றபடியே, "என்ன காரியம் பண்றீக? ரெண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். நாளைக்கு அந்தப் பயலோட ஆளுக வந்து, அடிச்சதும் நீங்கதான், கழுவுனதும் நீங்கதான்னு நிப்பாக. அப்ப என்ன சொல்லுவீக?" என்றார்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "போலீஸு பாத்து எழுதிட்டுப் போயிருச்சு அத்தான். எவ பெத்த புள்ளையோ. அவன் ரத்தத்துல ஈ மொய்க்கட்டும்னு விடச் சொல்றீகளா?"

பெரியப்பா போய்விட்டார். ஆனால் அவர் சொன்னது அம்மாவுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறேன். இரண்டு தடவை கதவு வழியாக ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாவது வாளித் தண்ணீரோடு அம்மா கீழே இறங்கினாள். டயரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். அவள் திரும்ப ஏறி வந்தபோது நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே இருந்த கறை போய்விட்டது, தையலுக்குள் மட்டும் கறுப்பாக ஓடியிருந்தது. பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் தையலோடு தையலாக, மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தித் தேய்த்தால் நூல் பிரிந்துவிடும். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தேய்த்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். டிரைவர் சீட்டின் முதுகுப் பக்கத் தோலிலும் ஓர் இடம் இருந்தது. அதை நானே ஈரமும் காய்ந்த துணியுமாக மாற்றி மாற்றி எடுத்து, நிழலில் உலரவிட்டு, சாயங்காலம் க்ரீம் போட்டேன். வட்டம் வட்டமாக.

அப்பா வந்து பார்த்தபோது உள்ளே எல்லாம் புதிதுபோல இருந்தது. அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வேட்டியை எடுத்து டேஷ்போர்டின் மேல் விரித்துவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகும் பல நாள் வண்டி அங்கேயே நின்றது.

இருபது நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் பஸ்ஸை விட்டு ஓர் அம்மா இறங்கி வந்தார். என் அம்மாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். கையில் மஞ்சள் பை. லாரியைப் பார்த்ததும் நின்று, முன்பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் வீட்டுப் பக்கம் வந்தார். ஊர் மல்லாங்கிணறு பக்கம், இறந்துபோன பையனின் தாய் என்று சொன்னார். அப்பா எழுந்து நின்றார். அம்மா தண்ணீர் கொண்டுவரப் போனாள். எனக்குப் பெரியப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

"ஊர்ல ஆளுக்கொரு பேச்சு பேசுறாக தம்பி" என்றார் அந்த அம்மா. "நான் அதுக்கு வரல. எம்புள்ள கடைசியா இருந்த இடத்தைப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அப்பா கதவைத் திறந்தார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறினார். அம்மா பின்னாலிருந்து தாங்கியபடி தானும் ஏறினாள். நானும் மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறிக்கொண்டேன். அவர் பின்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் ரெக்சினைத் தடவிப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை.

"இங்கயா தம்பி?"

"ஆமாக்கா."

"ஏதும் சொன்னானா?"

அப்பா படியில் நின்றுகொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். "சொன்னாப்ல அக்கா. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். வலி தெரியலைன்னாரு. அம்மாட்டச் சொல்லிருங்கன்னு சொன்னாரு. அப்புறம் தூங்குறாப்ல கண்ணை மூடிட்டாரு."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பேனா தொலைந்ததை மறைத்ததற்காக ஒரு மாதத்துக்கு முன்புதான் என்னை நிற்க வைத்துப் பேசியிருந்தார். அவர் மறந்துவிட்டார் போல என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அவரு ஒரு வார்த்தை பேசலைன்னு அம்மாட்டச் சொன்னீகளேப்பா" என்றேன்.

அம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. வலித்தது. அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றார். இப்போது இந்த அம்மா கத்துவார், ஊரைக் கூட்டுவார், நாங்கள்தான் அடித்தோம் என்பார் என்று நினைத்தேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை.

"பாப்பா, இதைத் தொடச்சது யாரு?"

"நானும் அம்மாவும்."

"எப்படித் தொடச்சீக?"

தெரிந்த கேள்வி என்பதால் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் ஆகாது. பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. தையலில் பிரஷ்ஷால் மெதுவாக. மூன்று வாளித் தண்ணீர் மாற்றினோம். பிறகு காய்ந்த துணி. வெயிலில் வைக்காமல் நிழலில் உலரவிட்டோம். கடைசியில் தோலுக்கு மட்டும் க்ரீம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்று வாளியா என்று ஒரு தடவை கேட்டார். மூன்று என்றேன். அம்மா பின்னால் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து துணியில சுத்திக் கொண்டாந்தாக" என்றார் அந்த அம்மா, யாரிடமென்று இல்லாமல். "அவுக்க விடல. பாக்கக் கூடாதுன்னுட்டாக. எம்புள்ள மேல ஒரு சொம்புத் தண்ணி ஊத்த விடல."

என் அம்மாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் கையையும் எடுத்துக்கொண்டார். வெளியே ரோட்டில் ஒரு பஸ் போனது.

பிறகு அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, அவன் என்ன சொன்னான்னு சொன்னீக? இன்னொருக்காச் சொல்லுங்க."

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டது, வலி இல்லை என்றது, அம்மாவிடம் சொல்லச் சொன்னது என்று ஒன்றுவிடாமல், முதல் தடவையைவிட மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பி வரும்வரை, அடி விழும் என்று நான் கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போனார்.

அப்பா இரண்டாம் முறையும் ஏன் அதையே சொன்னார் என்றுதான் நான் பல நாள் யோசித்தேன். அந்த அம்மா திரும்பக் கேட்டதைப் பற்றி எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. வயதானவர், முதல் தடவை சரியாகக் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.