ஓவன் சூடாகும் முன்பே வந்த வாசனை

என் அக்காவின் கணவர் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அங்கே அவருக்குப் 'பளபளா' என்று பெயர். அவர் கை பட்ட கார் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். நான் அவர்கள் வீட்டிலேயே ஒரு மூலையில் தையல் மெஷினோடு இருப்பவள். யார் வந்தாலும் என் தலை நிமிராது. காது மட்டும் அவர்கள் பேச்சிலேயே இருக்கும்.

அத்தான் தினமும் வாசலில் நின்று மூச்சை இழுத்து, "வாசனை ஆளைத் தூக்குதே!" என்பார். அக்கா ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். அங்கே சாப்பிடுபவர்கள் தட்டைப் பார்ப்பார்களே தவிர அவளைப் பார்ப்பதில்லை. அதனால் வாசலில் விழும் அந்த ஒரு வார்த்தைக்கு அவள் காத்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மாட்டுக் கொத்துக்கறியை வெங்காயம், தக்காளியோடு நீர் வற்ற வதக்கி ஆறவிட்டாள். கண்ணாடி ட்ரேயில் சோளச் சிப்ஸ், அதன்மேல் கறி, அதன்மேல் சீஸ், மறுபடி சிப்ஸ் என்று அடுக்கினாள். சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதால் அவர் வந்த பிறகு ஓவனில் வைக்கலாம் என்று மூடிவைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள்.

அத்தான் வந்தார். மூச்சை இழுத்தார்.

"அடடா! சீஸ் உருகுற வாசனை தெருமுனை வரைக்கும் வந்து இழுத்துட்டு வருதே!"

அக்கா திரும்பி ஓவனைப் பார்த்தாள். அதில் விளக்குகூட எரியவில்லை.

"எங்க உருகுது? உங்க தலையிலயா?"

"இல்ல... வந்த மாதிரி இருந்துச்சு."

"இத்தனை வருஷமும் வந்த மாதிரிதான் இருந்துச்சா?" அவள் குரல் உடைந்தது. "ஊரே சொல்லலைன்னாலும் வீட்டுல ஒரு ஆள் மனசாரச் சொல்றார்னு இருந்தேன். அதுவும் வாய்க்கு வந்த பொய்யா?"

ட்ரேயைத் தூக்கிக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போனாள்.

முன்பு ஒருநாள் அடுப்பில் பால் கருகிப் புகைந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அத்தான். எதைக் கொடுத்தாலும் மிளகாய்த்தூளைத் தேடுவார். குழைவாக இருப்பதைப் பாதியில் ஒதுக்குவார். நான் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்வரை வந்ததை விழுங்கிப் பழகியவள் நான். இந்த முறை முடியவில்லை.

"அக்கா, அத்தானுக்கு வாசனையே தெரியலைன்னு நினைக்கிறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் மெதுவாக உட்கார்ந்தார்.

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் மூக்கு செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் நிஜம்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, இந்த ஆளுக்கு எது செஞ்சா என்னன்னு விட்டுடுவ. சமைக்கிறப்ப நீ முனகுற பாட்டும் நின்னுடும்."

அக்கா ட்ரேயை மேடையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ சாப்பிடறப்ப என்னதான் தெரியுது?"

"உப்பு, காரம், சூடு. சீஸ் வழவழன்னு உள்ள போகும். மத்தபடி சத்தம்தான். மொறுமொறுன்னு கடிச்சா பாதி ருசி திரும்பி வந்த மாதிரி இருக்கும்."

அவள் ஓவனைப் போட்டாள். சீஸ் குமிழிட்டு உருகியபின் பாக்கெட்டில் மீதியிருந்த சிப்ஸை மேலே கொட்டி, இன்னும் சற்று நேரம் வைத்து எடுத்தாள்.

அத்தான் ஒரு வாய் சாப்பிட்டார். பழக்கத்தில் பாராட்ட வாய் திறந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"மேல இருக்கிறது பிரமாதம். அடியில இருக்கிற சிப்ஸ் நமத்துப் போச்சு. ஈரச் சாக்கு மாதிரி இருக்கு."

தொலைந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஈரச் சாக்கா!"

"சரி, பாதி காஞ்ச சாக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கறி எப்படி? மறைக்காம சொல்லுங்க."

அவர் மென்றபடி யோசித்தார். அவள் தன் தட்டைத் தொடாமல் காத்திருந்தாள்.