சாமுவேல் சார் எழுத மறுத்த சொல்

வியாழக்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லீலா வந்து, சாமுவேல் சார் போய்விட்டார் என்றாள். வில்லாபுரத்தில் அவரிடம் இங்கிலீஷ் படித்த நீங்கள் எல்லாம் அழுதிருப்பீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பதினோரு வருடம் அவருக்குப் பின்வீட்டுக்காரியாக இருந்து சண்டை போட்டவள்.

சண்டைக்குக் காரணம் அவர் வளர்த்த கோழி. அவர் வீட்டில் தின்றுவிட்டு என் விறகுக் குவியலில் வந்து முட்டையிடும். ஒவ்வொரு முட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்து, நாலு வார்த்தை திட்டிவிட்டும் வருவேன். அவர் முட்டையை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்பார். அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

என் வீட்டுக்காரருக்கு மில் வேலை நின்ற வருடம், சத்துணவுக்கூட ஆயா வேலைக்கு மனுப் போட்டேன். அது கிடைக்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது. நன்னடத்தைச் சான்று இங்கிலீஷில் இருந்தால் மதிப்பு என்றார்கள். வேறு வழியில்லாமல் சாரிடம் போனேன்.

"நேர்மையானவ, சாந்தமானவன்னு எழுதுங்க சார்."

"இதெல்லாம் அட்ஜெக்டிவ், பேச்சியம்மா. ஆளு எப்படின்னு சொல்ற சொல்லு. சாட்சி இல்லாம எழுத மாட்டேன். நீங்க எப்ப சாந்தமா இருந்தீங்க?"

யோசித்தேன். "தூங்கும்போது."

"அத நான் பாத்ததில்லையே."

"அம்புட்டுப் பேருக்கும் எழுதிக் குடுக்குறாக. உங்க பேனா மட்டும் தேஞ்சா போகுது?"

அவர் ஏதோ எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். வழியெல்லாம் வைதுகொண்டே போனேன்.

ஆபீசில் ஆறு பெண்கள் இருந்தோம். மற்ற ஐந்து பேரும் ஒரே டைப் கடையில் சான்று வாங்கியிருந்தார்கள். அதிகாரி முதல் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, நீங்க லாரி ஓட்டுவீங்களா?" ஐந்து தாளிலும் அதேதான்: கவனமானவர், குடிக்காதவர், லாரியை நிதானமாக ஓட்டுபவர். எந்த டிரைவருக்கோ அடித்த தாளில் கடைக்காரன் பேரை மட்டும் மாற்றியிருக்கிறான்.

பிறகு என் தாள். அதைத் தமிழில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நேர்மையானவர். என் கோழி இவர் வீட்டில் இட்ட முட்டைகளை ஒன்று விடாமல் திருப்பித் தந்தார். கோபக்காரர். ஒவ்வொரு முட்டையோடும் என்னைத் திட்டினார்."

வேலை போச்சு என்று எழுந்தேன்.

"உக்காருங்கம்மா. பிள்ளைகளுக்கு முட்டை போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நீங்க காவலுக்கு இருந்தா ஒண்ணு குறையாது."

ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலையில் இருந்தேன். ஆனால் சாரோடு மூன்று மாதம் பேசவில்லை. கோபக்காரி என்று ஆபீசில் வாசிக்க வைத்தவருக்கு நன்றி வேறு கேடா?

சாவு வீட்டில் ஆளாளுக்கு "தங்கமான மனுசன்" என்றார்கள். "எப்ப?" என்று கேட்டேன். முறைத்தார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான்.

அதனால் நான் எழுதுகிறேன்: பிடிவாதக்காரர். பின்வீட்டுக்காரிக்காகக்கூடப் பொய் எழுதாதவர். இரண்டுக்கும் நான் சாட்சி.