பௌர்ணமிக்கு வண்டி ஓடும்

எங்கள் காலை வண்டியில் கடைசிப் பெட்டிக்குத்தான் எப்போதும் கூட்டம் ஜாஸ்தி. முன்பெட்டிகளில் கால் நீட்டிப் படுக்கலாம், ஆனால் யாரும் போகமாட்டார்கள். காரணம் கார்டு. கடைசிப் பெட்டியின் வால்பக்கம் அவருடைய அறை. பிளாட்பாரத்து நடைபாலத்தில் யாராவது மூச்சிரைக்க இறங்கி வந்தால், பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வானத்தில் எதையோ பார்க்கிற மாதிரி கொஞ்சம் நிற்பார். இப்போது அவர்களுக்குப் பெயரை மாற்றி ட்ரெயின் மேனேஜர் என்று எழுதுகிறார்கள். எங்களுக்குக் கார்டு கார்டுதான்.

வேலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. திருவண்ணாமலையிலிருந்து தினமும் போய்வந்து பதினேழு வருஷமாகிறது. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தை இந்த வண்டியில் படித்தேன், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மடித்துப்போட்ட பேப்பரிலும் எதிரில் உட்கார்ந்தவர்கள் வாயிலும். யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் சீசன் டிக்கெட் உறைக்குள் வைத்திருக்கிற துண்டுத்தாளில் குறித்துவிடுவேன். தினமும் கீரைக் கட்டோடு ஏறுகிற ஒரு அம்மா இருந்தார். வண்டி லேட் என்று யாரோ கத்தியபோது அவர் சொன்னது இன்னும் உறைக்குள் இருக்கிறது: "இன்னாத்துக்குக் கத்துற? என் மருமவ வர்றதே இல்ல. இதுவாச்சும் லேட்டா வருது."

நாங்கள் தங்கச்சி என்று கூப்பிட்ட அந்தப் பெண் எங்கள் பெட்டிக்கு வந்தது பங்குனிக் கடைசியில். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை பெருக்கிக் கட்டில் விரிக்கிற வேலை செய்தவள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் புருஷன் அதே தெருவில் விடுதி விடுதியாகப் போய்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர். இரண்டு பேரும் முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கீரைக்கார அம்மா கேட்டேவிட்டார். கர்ப்பப்பை வாயில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிறார்கள். கதிர்வீச்சு வைத்தியத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். திங்களிலிருந்து வெள்ளி வரை தினமும், மொத்தம் இருபத்தைந்து தடவை. மெஷினில் பத்து நிமிஷம், அவ்வளவுதான். "நடுவுல ஒரு நாளும் விடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. விட்டா கட்டி திரும்பத் தலையெடுக்குமாம்" என்றார் புருஷன்.

பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாமே என்று நான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கீரைக்கார அம்மா என் தொடையில் ஒன்று வைத்தார். "அறிவிருக்கா உனக்கு? பஸ்ல கக்கூஸ் இருக்கா?" அந்த வைத்தியத்துக்கு வயிறு தாங்காது. போகிற வழியில் நாலு தடவை எழுந்துபோக வேண்டியிருக்கும். அதனால்தான் ரயில்.

அன்றிலிருந்து கக்கூஸுக்குப் பக்கத்து சீட் அவளுடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் கீரைக்கார அம்மாவே கிளப்பிவிடுவார். கார்டுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் பாலத்தின் படிகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்குவாள், அவர் கொடியைக் காட்டமாட்டார். ஏறினதும், "ஆச்சாம்மா?" என்பார். "ஆச்சுண்ணா." அப்புறம்தான் விசில்.

சித்திரையில் ஸ்ட்ரைக் பேச்சு கிளம்பியது. சரக்கு வண்டிகளில் கார்டே வேண்டாம், வாலில் ஒரு மெஷின் பெட்டியை மாட்டினால் போதும், அதுவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று முடிவாம். இன்றைக்குச் சரக்கு வண்டி, நாளைக்கு எங்கள் வண்டி. புதன்கிழமை காலையில் கார்டு பெட்டிக்குள் வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாளையிலேர்ந்து நாங்க ஏறமாட்டோம். வண்டிய நம்பாதீங்க. போறவங்க வேற வழி பாத்துக்குங்க."

"பொட்டிய மாட்டினா அது எனக்காவ நிக்குமா சார்?" என்று கேட்டார் கீரைக்கார அம்மா.

"அதத்தாம்மா நாங்களும் கேக்குறோம்" என்றார் அவர். சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் பக்கம் நியாயம் இருந்ததில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் திரும்புகிற வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். பதினாலு தடவை முடிந்திருந்தது. புருஷன் என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஆஸ்பத்திரி எதிர்ல தங்குற எடத்துல ரெண்டு நாளைக்கு ஒரு கட்டில் காலியா இருக்குன்னு நர்சம்மா சொன்னாங்க. கார்டு சார் வேற அப்படிச் சொல்றாரு. தங்கிடட்டுமா? புள்ளைய பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்துருக்கோம். இவ வூட்டுக்குப் போலாம்ன்றா."

நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கடலைப் பொட்டலத்தோடு கையை வீசிச் சொன்னேன்.

"நாளைக்கு இன்னா நாளு? சித்ரா பௌர்ணமி. எந்த ஊர் வண்டிய நிறுத்தினாலும் நம்ம ஊர் வண்டிய நிறுத்துவாங்களா? லட்சக்கணக்குல ஜனம் வரும். கலெக்டர் வுடுவாரா? பேசாம வூட்டுக்கு வாங்க. பௌர்ணமிக்கு வண்டி ஓடும்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு நினைப்பு உண்டு. மழை புயல் எது வந்தாலும் பௌர்ணமிக்கு எல்லாம் நடக்கும் என்று. அந்த நினைப்பிலேயே வளர்ந்தவன் நான். ஸ்டேஷன் மாஸ்டர் அறை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து இருபது அடி. ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனால் பிளாட்பாரத்தில் போலீஸ், கயிறு கட்டிய வரிசை. வண்டி ஓடத்தான் செய்தது. விழுப்புரத்திலிருந்து ஸ்பெஷல் ஒன்று வந்து நின்றது. உள்ளேயிருந்து ஜனம் கொட்டியது. மலையைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். வாலில் யாரோ ஒரு ஆபீசர், புதுக் கொடியோடு, யூனிஃபார்ம் இல்லாமல் நின்றார். ஸ்ட்ரைக்கில் சேராமல் மிச்சமிருந்த இரண்டு மூன்று ஆட்களையும் ஸ்பெஷல்களுக்குப் போட்டுவிட்டார்கள். வேலூர் வண்டி ரத்து. எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு ரயில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இல்லை.

புருஷன் அந்த ஆபீசரிடம் ஓடினார். "சார், வேலூர் ஆஸ்பத்திரி சார்." அவர் பாவம், "இது காலியா விழுப்புரம் திரும்பிப் போகுதுங்க, நான் இன்னா பண்ண முடியும்" என்றார். நானும் போய் நின்றேன்.

பஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம். சித்ரா பௌர்ணமிக்கு ஒரு பஸ்ஸும் ஊருக்குள் வராது. ஒவ்வொரு ரோட்டிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போடுவார்கள். வேலூர் பஸ்ஸுக்கு வேங்கிக்கால் தாண்டிப் போகணும். ஆட்டோவைத் தடுப்புக் கட்டையில் நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தோம். எதிரில் ஊருக்குள் வருகிற ஜனம், நாங்கள் மூன்று பேரும் அதற்கு எதிராக. எட்டு மணி வெயிலே தோலை உரித்தது. வழியில் அன்னதானப் பந்தலில் ஒருத்தர் மோர் டம்ளரை அவள் கையில் திணித்தார். அவள் குடிக்கவில்லை. குடித்தால் என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரும் குடிக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதுவரைக்கும் சரி. போளூருக்கு முன்னால் அவள் புருஷன் கையை அழுத்தினாள். அவர் எழுந்து டிரைவரிடம் போனார். "ஸ்டாண்ட்ல நிறுத்துறேன்பா, பத்து நிமிஷம்" என்றார் டிரைவர். அவளால் பத்து நிமிஷம் முடியாது. "நிறுத்துப்பா!" என்று நான் கத்தினேன். நிறுத்தினார்கள். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் புருஷன் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ரோட்டைப் பார்த்து நின்றேன். பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப்போனது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஐம்பது பேர் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். "நீங்க கடைக்குப் போங்கண்ணா, லேட்டாவுது" என்றாள். நான் அவர்களோடே நின்றேன், அடுத்த பஸ் கிடைக்க உச்சிவெயில் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி இரண்டுக்கு மேல். மெஷினில் அவளுடைய நேரம் எப்போதோ போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, கெஞ்சினால் கடைசியில் சேர்த்திருப்பார்கள். ஆனால் அவள் வராந்தாவிலேயே மயங்கி விழுந்தாள். உடம்பில் தண்ணீரே இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்சம்மா சொன்ன கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள், வார்டில் படுக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமையும் கரண்ட் வைக்கவில்லை. சனி ஞாயிறு மெஷின் கிடையாது. திங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அணுக்கள் ரொம்பக் கம்மி என்று நிறுத்திவைத்தார்கள். திரும்ப ஆரம்பித்தது வியாழக்கிழமை. ஒரு வாரம்.

ஸ்ட்ரைக் ஒன்பது நாளில் முடிந்தது. பேச்சுவார்த்தை என்றார்கள், குழு என்றார்கள். வண்டி திரும்ப ஓடிய முதல் நாள் காலையில் எங்கள் கார்டு வந்து நின்றார். நேரமாகியும் கொடியை எடுக்கவில்லை. பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாசலில் நின்று, "வேலூர்லயே ரூம் எடுத்துட்டாங்க சார்" என்றேன்.

"ஓ. அதுவும் நல்லதுதான்" என்று விசில் ஊதினார். நடந்ததை நான் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு? அவர் உள்ளதைச் சொன்னவர்.

அந்த ஒன்பது நாளில் பஸ்ஸுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கீரைக்கார அம்மா காய் ஏற்றுகிற மினி லாரியில் போகப் பழகிவிட்டார். "ஒரு தடவ கைய வுட்டவன் கூட இன்னா வாழ்க்கைடா" என்றார் ரோட்டில் பார்த்தபோது. முந்தியெல்லாம் வீட்டிலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வருவோம். இப்போது மிச்சமிருக்கிறவர்கள் விழுப்புரத்தில் வண்டி கிளம்பிவிட்டதா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்கள்.

அவளுக்கு இருபத்தைந்தும் முடிந்தது, மேலே நாலு சேர்த்தும் வைத்தார்கள். ஐப்பசியில் கட்டி திரும்ப வந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தால்தானா என்று புருஷன் கேட்டதற்கு, அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டரம்மா. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எலும்பாகப் படுத்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"நீங்க சொல்லாங்காட்டியும் நான் வந்துருப்பேண்ணா. எனக்கு அன்னிக்குப் புள்ளையப் பாக்கணும்னு இருந்துச்சு."

இருந்திருக்கலாம். என்னைப் பார்த்துச் சொன்ன ஆறுதலாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வந்து அதைக் குறித்துவைக்கலாம் என்று துண்டுத்தாளை எடுத்தேன். எழுதவில்லை. தை பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள்.

போன மாதம் வேலூர் கன்டோன்மென்டில் சாயங்காலம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புருஷன் வந்தார். ஆஸ்பத்திரியில் ஏதோ சர்டிபிகேட் வாங்க வந்தாராம், கையில் அந்தப் பழைய மஞ்சள் ஃபைல். மகளையும் கூட்டி வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டி இருக்குல்லண்ணா இன்னிக்கு? புள்ளையோட பஸ்ல நின்னுட்டுப் போவ முடியாது."

இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் அதே வண்டியில்தான் வந்திருந்தேன், கார்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறை ஜன்னலில் போய்க் கேட்டேன். காட்பாடியிலிருந்து கிளம்பிவிட்டது, பன்னிரண்டு நிமிஷம் லேட் என்றார். திரும்பி வந்து அவரிடம் அதை அப்படியே சொன்னேன்.