அக்கரை தெரியும் ஏரி

சித்தி வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கியதே அந்தச் சனிக்கிழமை காலையில்தான். கொண்டி துருவேறிக் கிடந்ததால் புதுப் பூட்டு அதில் நுழையவில்லை. தம்பி தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி மாட்டினான். சித்தி சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து, "யாராச்சும் வந்து கேட்டா, ஊசுட்டேரி பக்கம் போயிருக்காங்க, நாளைக்கு வந்துடுவாங்கன்னு சொல்லு" என்றாள். யாராச்சும் என்று அவள் சொன்னது யாரை என்று தெருவுக்கே தெரியும். அந்த அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தலையாட்டினார்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஐப்பசி மாதத்தில், வீராம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன அவர் திரும்பவில்லை. கூடப் போனவர்களின் உடல்கள் கடலூர் பக்கம் கரை ஒதுங்கின. அவர் ஒதுங்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடலாம் என்று அப்பா வருஷா வருஷம் போய்ச் சொல்வார். "உடம்பு கெடைக்கலல்ல மாமா" என்பதோடு சித்தி நிறுத்திக்கொள்வாள். பிள்ளை குட்டி இல்லை. பொட்டும் தாலியுமாக, கதவைத் தாழிடாமல், ஓர் இரவுகூட வெளியே தங்காமல் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். நாங்கள் டவுனுக்குக் குடிவந்த பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டோம், அவள் வந்ததில்லை. அதனால், ஏரிக்கரையில் ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறேன், எல்லாரும் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று தம்பி சொன்னபோது, ஒரு பேச்சுக்குத்தான் அவளையும் கேட்டோம். "வரேன்" என்றாள். அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

வில்லியனூர் தாண்டி, ஏரியை ஒட்டிய தோப்புக்குள் இருந்தது அந்தக் காட்டேஜ். ஓடு வேய்ந்த சின்ன வீடு, முன்னால் ஒரு வராந்தா, பத்தடி நடந்தால் தண்ணீர். மற்றவர்கள் பறவைகளையும் செல்போனையும் பார்த்துக்கொண்டிருக்க, சித்தி தண்ணீரை மட்டும் பார்த்தாள். கடல் பக்கத்திலேயே கிடக்கிற ஊரிலிருந்து வந்தவள் ஏரியில் அப்படி என்ன பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இதுக்கு அக்கரை தெரியுது பாரு" என்றாள்.

மறுநாள் காலை நல்ல பனி. வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே தோப்பும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, "அம்மோவ், மீனு வந்திருக்கு" என்று ஒரு குரல் வந்தது. அது சித்தப்பாவின் குரல். தெருமுனையிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு வரும் அதே இழுப்பு, கடைசியில் சற்றுக் கம்மிப்போகும் அதே கரகரப்பு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். எழுந்தவருக்குப் படியிறங்கத் தெரியவில்லை.

சித்திதான் இறங்கிப் போனாள். ஓடவில்லை; புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம். சின்னப் படகு ஒன்று கரை தட்டி நின்றது. நனைந்த லுங்கியோடு ஓர் ஆள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். சித்தி அவன் முகத்துக்கு நேராக நின்று, நாங்கள் பயப்படும் அளவுக்கு வெகுநேரம் பார்த்தாள். அவன் கூச்சத்தோடு, "கெண்டைதான் இருக்கு. விரா மாட்டல" என்றான்.

"வீடு எங்க?"

"அந்தாண்ட கரையில. பனி வெலகனா இங்கேர்ந்தே தெரியும்."

"பொழுது சாயறதுக்குள்ள போயிடுவியா?"

"போவாம? வீட்ல பாத்துகினு இருப்பாங்கல்ல."

சித்தி கெண்டையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். படகு மறுபடி பனிக்குள் போனது. அப்பா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொரலு..." என்று ஆரம்பித்தார்.

"கொரலு அவரோடதுதான் மாமா. மொகம் வேற" என்றாள் சித்தி. பிறகு மீனைக் கழுவ உட்கார்ந்தாள்.

அன்று மதியம் எல்லாருக்கும் சோறு போட்டு, குழம்பு ஊற்றிவிட்டு, தான் சாப்பிடாமல் நின்றபடியே சொன்னாள்: "ஊருக்குப் போனதும் செய்ய வேண்டியத செஞ்சிடலாம் மாமா. தாலிய நானே கழட்டிக்கிறேன். ஊரே சுத்தி உக்காந்து அழ வேணாம்."

இத்தனை வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "இப்ப என்ன அவசரம்?" என்றார். கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

வீராம்பட்டினம் கரையில் காரியம் நடந்தது. சித்தி இப்போது எங்களோடு டவுனில் இருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள், கல்யாணம் காட்சிக்கெல்லாம் வருகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள். தூக்கம் போனது எங்களுக்குத்தான். அவள் காத்திருந்த வரைக்கும் நாங்கள் புத்திசாலிகளாக இருந்தோம். அவர் போய்விட்டார் என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து அவள் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள் என்பது, அவள் நிறுத்திக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அப்பா வாசலில் யாராவது பேசினால் செய்தித்தாளை இறக்கிவைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். என்ன என்று நான் கேட்பதில்லை. நானும்தான் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் மீன் வாங்க நானும் சித்தியும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். ஒரு படகு வந்து நின்றது. சித்தி குனிந்து, சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். படகிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் இறங்கிய பிறகும் காலிப் படகையே பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தி பையை என் கையில் கொடுத்தாள்.

"எறங்கிட்டாங்க எல்லாரும்" என்றாள். "வா, வெயில் ஏறுது."