அக்கா கொடுத்த நல்ல ரத்தம்

விருது அறிவிப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பல்கலைக்கழகத்தில் பூங்கொத்து, கேக், வரிசையில் நின்று படம். உடம்புக்குள் போகும் நஞ்சைக் கல்லீரல் எப்படி உடைத்து வெளியே தள்ளுகிறது என்று தேடியே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அதற்குக் கிடைத்த பழைய விருதுகள் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. இது அவற்றையெல்லாம் விடப் பெரியது. ஆனால் என் நினைப்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வந்திருந்த முடிவுகளின் மேல்தான். அவை ரொம்ப நன்றாக இருந்தன. அதுதான் உறுத்தியது.

புக்கிட் ரோத்தான் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் பெண்களிடம் ரத்தம் எடுத்திருந்தோம். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. அந்த மருந்து உடம்பில் ஏறினால் நரம்புக்கு வேண்டிய ஒரு நொதி ரத்தத்தில் குறையும். முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு, வெயில் தாங்காமல் முகமூடியைக் கழற்றிவிட்டு மருந்து அடிக்கிறவர்கள் இவர்கள். ஆனால் இவர்கள் ரத்தத்துக்கும் டவுனில் துணிக்கடையில் நிற்கும் பெண்களின் ரத்தத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

“மருந்து பாதுகாப்பானதுதானோ, டாக்டர்?” என்று என் மாணவி கேட்டாள். கருவியை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லி அவள்மேல் எரிந்து விழுந்தேன். அக்காவுக்குச் சில மாதங்களாகக் கை நடுங்குகிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அந்த முடிவு சரியென்றால் அக்காவுக்கு மருந்தால் ஒன்றும் ஆகவில்லை. நம்பத்தான் ஆசை, முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பழம் ஏற்றிய லோரி ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. ஹாரனை அடித்து அடித்து எனக்கே வெட்கமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க ரத்தமெல்லாம் எப்படி வந்துச்சு?” என்றாள், திரும்பாமலே.

“ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. அதான் புரியல.”

அக்கா சிரித்தாள். “வராம எங்க போவும்? ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஒருத்தியும் பம்ப்பத் தொடலியே! வேல வாங்குற மண்டோர்கிட்ட நான்தான் சொன்னேன், நம்ம தோட்டத்துப் பிள்ள செய்ற ஆராய்ச்சி, ரத்தம் சுத்தமா இருக்கணும்லான்னு. எல்லாரையும் உதிரிப்பழம் பொறுக்க விட்டுட்டாரு. எளநி வேற குடிச்சோம்.”

“தினமும் மருந்து அடிக்கிறீங்களான்னு கேட்டப்போ ஆமான்னு சொன்னீங்களே?”

“அடிக்கிறதுதானே? அந்த மாசம் மட்டும் அடிக்கல. இப்பப் பழையபடி அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இது என்ன தீமிதியா, விரதம் இருந்துட்டு வர்றதுக்கு? எனக்கு வேண்டியது கெட்டுப்போன ரத்தம்க்கா!”

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அக்கா மீனைத் திருப்பிப் போட்டாள். கை நடுங்கியதில் கரண்டி சட்டி விளிம்பில் தடதடவென்று இடித்தது. “ஒனக்கு நல்லது செய்றோம்னுதான் நெனச்சோம்” என்றாள்.

ஒரு தோட்டமே சேர்ந்து எனக்காக நடத்திய திருட்டு வேலை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு துண்டு மீனைத் தின்றேன்.

முதல் முடிவுகளை ஒதுக்கி, விருது விழா உரையிலிருந்தும் எடுத்துவிட்டேன். அடுத்த வேலைநாளிலேயே எங்கள் குழுவின் தாதி போய் மறுபடி ரத்தம் எடுத்தார். இந்த முறை பம்ப்பை இறக்கி வைத்த கையோடு. “என்னோடத மொதல்ல சொல்லு” என்று அக்கா கேட்டிருந்தாள்.

விழா அன்று காலையில் முடிவுகள் வந்தன. எல்லாருக்கும் அந்த நொதி குறைந்திருந்தது. அக்காவுக்குத்தான் மிகவும் குறைவு, முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. மேடையில் என்ன பேசினேன் என்று இன்றும் நினைவில்லை. பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து அக்கா கைதட்டிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கலாம் என்று தவித்தேன்.

விழா முடிந்ததும் விருதை அவள் கையில் கொடுத்தேன். கனமான கண்ணாடி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“முடிவு வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. ரொம்பக் கொறஞ்சு போயிருக்கு. நாளைக்கே டாக்டரப் பாக்கணும். இனிமே நீ பம்ப்பத் தொடவே கூடாது.”

அவள் முகம் வெளுத்துப்போனது. “அப்ப நான் ஃபெயிலா?”

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். விருதை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, என் காதருகே வந்து கேட்டாள்.

“இதத் திருப்பி வாங்கிக்குவாங்களா?”