கோட்டுக்குப் பக்கத்து இருக்கை

செட்டிகுளத்தில் வெங்காயம் போடுகிறவர்கள் நூறு பேர் இருந்தார்கள். கோட்டு வைத்திருந்தவர் பிச்சைமுத்து ஒருவர்தான். 1995-இல் வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு திருச்சி போனவர், பிளாட்பாரக் கடையில் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கி வந்தார். ஏன் வாங்கினார் என்பதற்கு வரலாற்றில் விளக்கம் இல்லை. ஆனால் அந்த ஆண்டு முதல் ஊரில் எந்தப் பையனுக்குக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது பிச்சைமுத்துவுக்கு.

கோட்டை அவர் வாடகைக்கு விட்டதில்லை. இரவல்தான், ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை அழைப்பில், சோடித்த காரில், கோட்டுக்குப் பக்கத்தில் அவர் உட்கார வேண்டும். பெற்ற தகப்பன் பின்னால் நடந்து வருவான். பிச்சைமுத்து ஊரைப் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டே முன்னால் போவார். இப்படி முப்பத்தோரு மாப்பிள்ளைகள்.

2005-இல் அக்கா மகன் மகேஷின் முறை வந்தது. அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

“கோட்டெல்லாம் வேண்டாம் மாமா. எங்க மேனேஜரே டீ சர்ட்லதான் வராரு.”

“ஆபீசுக்கு எப்படியோ வந்துட்டுப் போறாரு. கல்யாணத்துக்குமாடா?”

“வேர்க்கும் மாமா. வைகாசி வெயிலு.”

“முப்பத்தோரு பேருக்கு வேர்க்காதது ஒனக்கு மட்டும் வேர்க்குதோ?”

மகேஷ் மசியவில்லை. “காருல பிரண்ட்ஸ் ஏறிக்குவாங்க. நீங்க வேன்ல வந்துடுங்க மாமா” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டான்.

பிச்சைமுத்துவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். மாப்பிள்ளை அழைப்பன்று, ஜெயங்கொண்டத்தில் பெண் வீட்டார் காத்திருந்த பிள்ளையார் கோயில் வாசலில், வேனிலிருந்து கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பில் பட்டு வேட்டி. கழுத்தில், அந்த வைகாசியிலும், மப்ளர்.

பெண்ணின் பெரியம்மா பாப்பாயி அதுவரை மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. ஆலாத்தித் தட்டோடு வந்தவள், டீ சர்ட்டில் காரில் சாய்ந்து நின்ற மகேஷிடம், “தம்பி, வண்டிய ஓரமா எடு. மாப்பிள்ளைக்கு ஆலாத்தி சுத்தணும்” என்றாள். நேராகப் போய்க் கோட்டின் முன்னால் நின்றாள். அதற்கு மேலே இருந்த நரைத்த மீசையைப் பார்த்தாள்.

“அடியாத்தே! யாரு பாத்த வேல இது? கெழவனுக்கா நம்ம புள்ளையக் குடுக்குறீங்க?”

பெண் வீட்டுக் கூட்டம் சலசலத்தது. “நாந்தாங்க மாப்பிள்ளை” என்றான் மகேஷ்.

“டிரைவருக்கு வாயப் பாரு!”

மகேஷ் மாமாவைத் தனியே இழுத்தான். “கோட்டக் கழட்டுங்க மாமா.”

“காருல எடம்?”

“ஏறித் தொலைங்க.”

“பக்கத்துல?”

“பக்கத்துலதான் மாமா!”

பிச்சைமுத்து கோட்டைக் கழற்றி, உதறி, மருமகனுக்கு மாட்டிவிட்டார். உள்ளே சட்டை இல்லை. பத்து வருடத்தில் பெருத்துவிட்ட உடம்போடு சட்டையும் சேர்ந்து கோட்டுக்குள் நுழைய மறுத்ததால், பனியனோடு கிளம்பி வந்திருந்தார்.

ஊர்வலம் புறப்பட்டது. கடைத்தெரு நெடுக, முப்பத்திரண்டாம் மாப்பிள்ளையின் பக்கத்தில், பனியனும் மப்ளருமாக, இரண்டு பக்கமும் கும்பிட்டபடி போனார் பிச்சைமுத்து.

“ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. படத்துல பனியன் விழுது” என்று கத்தினார் வீடியோக்காரர்.

“விழட்டும்ப்பா. கோட்டு முழுசா விழுதா, அதப் பாரு.”